வரைவைப் படிக்கிற நெறியாளர் வேண்டும்

ஏப்ரல் பிறந்தால் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளுக்கு ஓய்வு கிடையாது. முதுகலைத் தமிழ் நான்காம் பருவ மாணவர்கள் பென் டிரைவும் கையுமாக நிற்பார்கள். பக்க எண் போட வேண்டும், முகப்பில் பல்கலைக்கழக முத்திரை வர வேண்டும், நெறியாளர் சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டும், ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்து பதிய வேண்டும். பைண்டிங் காய்வதற்குள் வாய்மொழித் தேர்வு வந்துவிடும். அது முடிந்ததும் ஒரு படி துறை அலமாரிக்குள் போய்விடும். அதை இனி யாரும் திறக்கப்போவதில்லை என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். எழுதிய பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரியும் என்பதுதான் என்னை வருத்துகிறது.

அலமாரியைத் திறந்து தலைப்புகளைப் படித்தாலே காரணம் விளங்கும். இன்னாருடைய நாவல்களில் சமுதாயச் சிந்தனைகள். இன்னாருடைய கவிதைகளில் பெண்ணியம். இன்னாருடைய சிறுகதைகளில் வாழ்வியல் விழுமியங்கள். உள்ளே போனால் ஆசிரியர் வாழ்வும் பணியும், கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, உத்திகள், முடிவுரை. நாவலில் சமுதாயச் சிந்தனை இல்லை என்று எவரும் வாதிடப்போவதில்லை. எவரும் மறுக்க முடியாத ஒன்றை நூறு பக்கத்துக்கு நிறுவச் சொல்கிறோம். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்? முந்தைய ஆண்டு ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர்களை மாற்றும். இந்த அச்சை வார்த்தவர்கள் மாணவர்கள் அல்லர், ஆசிரியர்களாகிய நாம்தான். ஆகவே மாற்றவேண்டியவர்களும் நாம்தான்.

நான் இதை எழுதுவது ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூரை மனதில் வைத்து. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தின் காலை மாலையெல்லாம் ஷிப்ட் கணக்கில் ஓடுகின்றன. நோக்கியா 2006-இல் வந்தது, 2014-இல் கதவைச் சாத்தியது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், சாம்சங். ஒரகடத்தில் ரெனால்ட் நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து தருகிற சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கில்லை. பொறியியல் படிக்கவும் குறைவில்லை. தண்டலத்தில் ராஜலட்சுமி, பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா என்று கைக்கெட்டும் தூரத்திலேயே கல்லூரிகள். ஆனால் தமிழிலக்கியம் படிக்க விரும்பும் மண்ணூர்ப் பிள்ளைகளில் பலர் காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறார்கள். அப்படிப் பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இவர்களில் பலருக்குப் பஸ் செலவும் புத்தகச் செலவும் ஆகிறது. இவ்வளவு தூரம் வந்து படிக்கிற பிள்ளையிடம் கடைசிப் பருவத்தில் பெயர் மாற்றிய நகலை வாங்கி வைத்துக்கொள்வது நியாயமில்லை.

என்னிடம் ஆய்வேடு எழுதிய ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் மண்ணூர். அம்மா ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி, கார் இருக்கைக்கு உறை தைக்கிற வேலை. இவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுவாள். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலை அவளே தேர்ந்தெடுத்தாள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979-இல் வந்த நாவல் அது. தமிழ்நாடு அரசு 2009-இல் ராஜம் கிருஷ்ணனின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்க முடியாத பிள்ளை பஸ்ஸில் நின்றுகொண்டே செல்போனில் படித்து முடித்திருந்தாள். நாட்டுடைமை என்பதன் பலன் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

முதல் வரைவு வந்தது. பாதிக்கு மேல் கதைச்சுருக்கம்.

“கதை எனக்குத் தெரியும்மா. படிக்கும்போது நீ எங்க நின்னே, அதைச் சொல்லு.”

“எங்கயும் நிக்கலீங்க ஐயா. ஒரே மூச்சா படிச்சிட்டேன்.”

“திரும்பிப் படி. நிக்கிற இடத்துல பென்சிலால ஒரு கோடு போடு. ஏன் நின்னேன்னு இப்ப யோசிக்க வேணாம்.”

அடுத்த வாரம் அச்செடுத்த தாள்களோடு வந்தாள். கோடுகள் பெரும்பாலும் உப்பு கைகாலை அரிக்கிற இடங்களில் விழுந்திருந்தன. ஏன் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்கம்மா விரல்ல ஊசி ஏறின தழும்பு இருக்குங்க ஐயா. ஆனா வலிக்குதுன்னு ஒரு நாளும் வாய்திறந்து சொன்னதில்ல. இதுல சொல்றாங்க. யார் சொல்றாங்கன்னு பார்த்தேன்” என்றாள்.

ஆய்வேடு அந்த நிமிஷத்தில் பிறந்தது. வலியை யார் சொல்கிறார்கள்? கதைசொல்லியா, நாவலின் நாயகி பொன்னாச்சியா? அந்த நாவலில் பாத்திரங்கள் தென்பாண்டிப் பேச்சு பேசுகிறார்கள்; கதை சொல்கிற குரல் பொதுத்தமிழில் போகிறது. ஆகவே இது சும்மா கேட்ட கேள்வி இல்லை, வாக்கியத்தைத் தொட்டுக் காட்டி விடை தேடக்கூடிய கேள்வி. ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் கதைசொல்லி உடம்பைப் பற்றிச் சொல்வன, அந்தப் பக்கம் பாத்திரங்கள் வாயால் வருவன என்று எழுதச் சொன்னேன். இரண்டு பக்கத்திலும் அடங்காத வாக்கியங்கள் வரத் தொடங்கின. மேற்கோள் குறி இல்லை, ஆனால் நினைப்பு பொன்னாச்சியுடையது. அவற்றை எங்கே எழுதுவது என்று கேட்டு வந்தாள். மூன்றாவது பத்தி ஒன்று போடு என்றேன். நாவல் கலையில் அதற்கென்று பெயர் உண்டு, அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் சொன்னேன். முதலில் சொல்லியிருந்தால் அந்தப் பெயரை ஓர் இயலின் தலைப்பாக வைத்து அதற்கு வரையறை எழுதிக்கொண்டு வந்திருப்பாள். கண்டுபிடித்தபின் பெயர் தெரிந்தால் அது கருவி.

முடிவில் அவள் வைத்த வாதம் இது: பாத்திரங்களின் பேச்சில் உடல் நோவு கூலியோடும் வேலைக் கணக்கோடும் சேர்ந்தே வருகிறது, நோவை நோவாக மட்டும் சொல்வது பெரும்பாலும் கதைசொல்லியின் வேலை. இதை மறுக்கலாம். நாவலை வைத்துக்கொண்டு இல்லை என்று சில இடங்களைக் காட்டலாம். புறத்தேர்வாளர் அப்படித்தான் செய்தார். ராஜம் கிருஷ்ணன் அந்தத் தொழிலாளர்களிடையே போய்த் தங்கி, பார்த்து, கேட்டு எழுதியவர். ஆனாலும் வெளியிலிருந்து வந்தவர். அவர் வலியைச் சொல்லும்போது தொழிலாளியின் வாயை அடைக்கிறாரா, திறக்கிறாரா என்று கேட்டார். கடினமான கேள்வி. “அவங்க சொல்லாம விட்டதை யாராவது சொன்னாத்தானேங்க ஐயா எழுத்துல வரும்” என்று பதில் வந்தது. தேர்வாளர் ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் நீண்டது. வாய்மொழித் தேர்வு அறையில் ஒரு நாவலைப் பற்றி உண்மையாகவே இரண்டு பேர் கருத்து மாறுபட்டுப் பேசிக்கொண்டார்கள். அந்த ஏடு சின்னது, பக்கம் குறைவு. பக்கம் போதாது என்று துறையில் ஒரு பேச்சும் எழுந்தது. மறுக்கத்தக்க ஒரு கூற்றும், அதற்குச் சான்றாக நாவலின் வாக்கியங்களும் இருந்தால் நாற்பது பக்கம் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படி நிற்கிற இடத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கிற ஒருவர் எதிரே இருப்பதுதான் நெறியாளர் என்கிற ஏற்பாட்டின் உயிர். இந்த மண்ணுக்கு அது புதிதும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் தாமே திருவாய்மொழிக்கு உரை எழுதவில்லை. சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு எழுதுவித்தார் என்பது வைணவ மரபு. திருவாய்மொழிக்கு எழுந்த முதல் உரையான ஆறாயிரப்படி அப்படி வந்தது. கற்பித்தவர் வாயால் சொன்னதைக் கற்றவர் தம் நடையில் எழுதினார். பெயரும் எழுதியவருடையதாகவே நின்றது. இன்று மாணவர் ஆய்வில் பிறந்த கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்ளும் நெறியாளர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் கைலாசபதி. யாழ்ப்பாணத்து மரபில் ஊறிய அந்த இளைஞர் 1960-களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சங்கப் பாடல்களைப் பற்றி ஆய்வு செய்தபோது அவருக்கு வழிகாட்டியவர் ஜார்ஜ் தாம்சன். தாம்சன் தமிழறிஞர் அல்லர், கிரேக்கப் பேராசிரியர். ஹோமரைக் கரைத்துக் குடித்தவர். அயர்லாந்தின் மேற்குக் கரைத் தீவு மக்களோடு பழகி வாய்மொழிக் கவிதை எப்படி உயிரோடு இருக்கிறது என்று நேரில் கண்டவர். புறநானூற்றைப் பற்றி மாணவருக்குப் பாடம் சொல்ல அவரால் முடிந்திருக்காது. இது பாடப்பட்டதா, எழுதப்பட்டதா, யார் முன்னால், எதற்காக என்று கேட்க முடிந்தது. தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றி 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட கைலாசபதியின் நூல் அந்த ஆய்விலிருந்து வந்தது. கா. சிவத்தம்பியும் அதே தாம்சனிடம்தான் பண்டைத் தமிழ் நாடகத்தை ஆராய்ந்தார். அந்த நூல்களின் முடிவுகளோடு பின்னால் வந்தவர்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டை போட ஏதோ இருந்தது என்பதே அந்த ஏடுகளின் பெருமை. மாணவர் எடுத்த நூலில் நெறியாளர் கரைகண்டவராக இருந்தாக வேண்டும் என்று நம் துறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு; அதனாலேயே நெறியாளருக்குத் தெரிந்த நாலு ஆசிரியர்களை விட்டுத் தலைப்பு நகர்வதில்லை. தாம்சனை நினைத்தால் அந்தப் பயம் போய்விடும்.

சொந்த மண்ணின் எழுத்தை ஆய்வுப் பொருளாக எடுப்பதற்கும் முன்னோடி உண்டு. கொங்கு நாட்டில் பிறந்த பெருமாள்முருகன், ‘நாகம்மாள்’ எழுதிய ஆர். சண்முகசுந்தரத்தை முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். பிறகு கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். அவருடைய நாவல்களைப் படிக்கிறவர்களுக்கு அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

நம் பிள்ளைகளுக்கு அப்படி எழுதிப் பழகும் இடம் இப்போது சுருங்கிவிட்டது. முன்பு எம்.பில். இருந்தது. குறை நிறைய உண்டென்றாலும், ஒரு சிறிய ஆய்வேட்டை ஒரு நெறியாளரின் கண்பார்வையில் எழுதிப் பார்க்க அது இடம் கொடுத்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள் எம்.பில். பட்டத்தை நிறுத்திவிட்டன. அடுத்த மாதம் வந்த இளங்கலைப் பாடத்திட்டச் சட்டகம் நான்காம் ஆண்டு ஆனர்ஸ் என்று ஒன்றை வைத்தது; முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு எடுத்தவர்கள் அதில் ஆய்வைத் தேர்ந்து, நெறியாளரின் கீழ் ஆய்வேடு எழுதலாம். இந்தச் சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. நம் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலையே நடக்கிறது.

மூன்றாண்டே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சியும். மண்ணூர்க் குடும்பத்துக்கு நான்காவது ஆண்டு என்பது ஓர் ஆண்டுச் சம்பளத்தை இழப்பது. பிளஸ் டூ முடித்ததுமே அசெம்பிளி லைனுக்குப் போன வகுப்புத் தோழிகள் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் தருகிறார்கள்; அதை எதிர்வீட்டில் பார்த்துக்கொண்டுதான் இவள் படிக்கிறாள். 75 விழுக்காடு என்ற வேலியும் தப்பு. ஞாயிறு தோறும் பில் போட்டுவிட்டு வருகிற பிள்ளை அறுபதுகளில்தான் இருப்பாள். நான் சொன்ன மாணவி அங்கேதான் இருந்தாள். மனப்பாடத்துக்கு விழுகிற மதிப்பெண்ணை வைத்து ஆராயும் திறனை அளந்தால் அவளைப் போன்றவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

ஆனால் ஆனர்ஸ் ஏற்பாட்டில் இருக்கிற நல்லதை நாம் ஏன் விடவேண்டும்? மூன்றாண்டு இளங்கலையின் ஐந்தாம், ஆறாம் பருவங்களில் விரும்புகிற எவரும் இரண்டு தாள்களுக்குப் பதிலாக நாற்பது பக்க ஆய்வேடு எழுதலாம் என்று பாடத்திட்டக் குழுக்கள் வைக்க முடியும். ஐந்தாம் பருவம் முழுக்கப் படிப்பும் கேள்வியும். ஆறாம் பருவம் எழுத்து. கேள்வி கிடைக்காமல் தலைப்பைப் பதிவு செய்யச் சொல்லக் கூடாது. பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே தலைப்புப் பட்டியல் கேட்டுச் சுற்றறிக்கை விடுகிறோமே, பாதி நோய் அங்கே தொடங்குகிறது.

மீதி நோய் நேரத்தில் இருக்கிறது. மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல். முனைவர் பட்ட மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு: பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. முதுகலை ஆய்வேட்டுக்கு வரும்போது வகுப்பில் இருக்கிற தலைகளை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துக் கொடுத்துவிடுகிறோம். ஒருவருக்குப் பத்து, பன்னிரண்டு என்று சேரும்போது எத்தனை பேர் வரைவை வரிவரியாகப் படிக்க முடியும்? அந்தப் படிப்புக்கு அட்டவணையில் இடமே இல்லை. பல துறைகளில் பாதிச் சுமை கௌரவ விரிவுரையாளர்கள் தோளில். அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்று தெரியாதவர்களிடம் ஓராண்டு வழிகாட்டச் சொல்கிறோம். ஆகவே நெறியாளர்கள் சோம்பேறிகள் என்று சொல்ல நான் தயாரில்லை. ஒரு மாணவருக்கு வாரம் ஒரு மணி என்று அட்டவணையில் எழுதி, அதைக் கற்பித்தல் நேரமாகவே கணக்கிட வேண்டும். ஒருவருக்கு ஐந்து மாணவர்களுக்கு மேல் கூடாது. இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

இந்த வாராந்திர மணி இப்போது இன்னும் அவசியமாகிவிட்டது. பணம் கொடுத்து ஆய்வேடு எழுதி வாங்குவது பழைய கதை. இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டால் முன்னுரை முதல் முடிவுரை வரை காசில்லாமல் கொட்டுகிறது. அது கொட்டுவதும் நம் அலமாரி ஏடும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதே இயல் பிரிப்பு, அதே மழுங்கிய பொதுக்கூற்று. ஒப்புமை பார்க்கிற மென்பொருளை மட்டும் நம்பி இதைத் தடுக்க முடியாது. கோடு போட்ட தாளோடு வந்து எதிரே உட்கார்ந்து, ஏன் இங்கே நின்றாய் என்ற கேள்விக்கு வாரா வாரம் பதில் சொல்கிற மாணவருக்கு இயந்திரம் எழுதித் தர ஒன்றும் இல்லை. ஊசித் தழும்பு அதற்குத் தெரியாது.

பொருளுக்குப் பஞ்சமா என்றால், இந்த வட்டாரத்தைப் போல எழுதப்படாத வளம் தமிழ்நாட்டில் குறைவு. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கிச் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டப் பந்தலில் எழுந்த முழக்கங்களில் எதுகை என்ன வேலை செய்தது, ஒருவர் சொல்லிப் பலர் வாங்கிச் சொல்லும் அமைப்பு நம் வாய்மொழிப் பாடல்களிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது யாப்புப் படித்த மாணவர் எழுத வேண்டிய ஆய்வேடு. தொழிற்சங்கத் துண்டறிக்கைகளின் உரைநடையை எடுக்கலாம். டி. செல்வராஜின் ‘தோல்’ திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றியது, எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’ திருப்பூரைப் பற்றியது. நேரத்தை இந்த நாவல்கள் எப்படிச் சொல்கின்றன என்று ஷிப்ட் சைரன் கேட்டு வளர்ந்த பிள்ளை படித்தால் நமக்குப் படாதது அவளுக்குப் படும்.

உலகம் இந்தத் திசையில் எப்போதோ நடக்கத் தொடங்கிவிட்டது. சீனாவின் ஷென்ழென் நகரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் அசெம்பிளி லைனில் நின்ற ஷு லிழி என்ற இளைஞர் கவிதை எழுதினார். 2014-இல், 24 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் கவிதைகள் நூலாக வந்தன, ஆங்கிலத்துக்குப் போயின. சீனத் தொழிலாளர் கவிதை என்பது இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு படிப்புத் துறை. அதே கம்பெனியின் ஆலை சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண்கள் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு உடம்புக்கு ஒவ்வாமல் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் யார் எழுதுகிறார், யார் பாடுகிறார், விடுதி அறையில் ஒருவருக்கொருவர் என்ன கதை சொல்லிக்கொள்கிறார்கள் என்று போய்க் கேட்கத் தமிழ் மாணவிகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்? அவர்களில் சிலர் இவர்களோடு ஒரே பள்ளியில் படித்தவர்களாகவும் இருக்கலாம்.

தொழிலாளி வீட்டுப் பிள்ளை தொழிலாளர் இலக்கியம்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குறுந்தொகை வேண்டுமென்றால் குறுந்தொகை. அங்கும் கோடு போட இடம் இருக்கிறது. ஒரே பாட்டில் இரண்டு மாதம் உட்காரலாம். அதற்கும் உடன் உட்கார ஆள் வேண்டும்.

இன்னொன்று மட்டும். முனைவர் பட்ட ஏடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. இளங்கலை, முதுகலை ஏடுகளுக்கு அலமாரி மட்டும்தான். துறைகள் தங்கள் ஏடுகளைக் கல்லூரி இணையதளத்தில் ஏற்றலாம். தேறியவற்றின் ஒரு படியை மாணவரின் ஊர்க் கிளை நூலகத்துக்குக் கொடுக்கலாம். வாய்மொழித் தேர்வைக் கதவைத் திறந்துவைத்து நடத்தி இரண்டாமாண்டு பிள்ளைகளை உட்கார வைக்கலாம். தங்கள் அக்கா ஒருத்தி தேர்வாளரோடு ஒரு நாவலுக்காக வாதாடுவதைக் கண்ட பிறகு, பழைய ஏட்டைத் தேடி அவர்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போகமாட்டார்கள். புதிய கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. பாடத்திட்டக் குழுக்களும் முதல்வர்களும் அட்டவணை போடுவது அதற்கு முன்புதான். நெறியாளருக்கும் மாணவருக்கும் உரிய அந்த ஒரு மணி நேரத்தை அப்போதே எழுதிச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.